வாகை மரத்தில் ஒரு தாமரை... தம்மம்பட்டியில் ஒரு குளோஸ்-அப் பயணம்!

சேலம் மாவட்டத்தின் தெற்கு ஓரம். ஆத்தூரிலிருந்து வந்தாலும் சரி, ராசிபுரம், நாமகிரிப்பேட்டை வழியாக வந்தாலும் சரி, தம்மம்பட்டியை நெருங்கும்போது இரண்டு மலைகள் கண்ணில் படும். தென்மேற்கே கொல்லிமலை, தென்கிழக்கே பச்சைமலை. இரண்டுக்கும் கீழே மரவள்ளிக் காடு, பாக்குத் தோப்பு, மஞ்சள் வயல். ஊரை ஒட்டிப் போகிறது கொல்லிமலையில் பிறந்த சுவேத நதி. நதி என்று பெயர்தான். வருடத்தில் பல மாதம் மணலும் கூழாங்கல்லுமாகக் காய்ந்து கிடக்கும்.

சுற்றுலாக்காரர்கள் இங்கே இறங்குவது குறைவு. அருவி பார்க்க வருகிறவர்கள் நேரே கொல்லிமலைக்கு ஏறிவிடுவார்கள். ஜல்லிக்கட்டு நாளில் மட்டும் கூட்டம் நெரியும். மற்ற நாட்களில் சுற்றுக் கிராமத்து மக்கள் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வந்து போகிற ஒரு பேரூர், அவ்வளவுதான். ஆனால் உங்கள் போன் கேமராவில் 'மேக்ரோ' என்று ஒரு வசதி இருந்து, அதை இதுவரை தொட்டதே இல்லை என்றால், தொட்டுப் பார்க்க இது நல்ல ஊர். இங்கே பூக்கள் இரண்டு வகை. மண்ணில் பூப்பது ஒன்று, உளியில் பூப்பது இன்னொன்று. போதாததற்கு, தமிழ்நாட்டின் ரத்தினக்கல் பூமியும் இங்கிருந்து மேற்கே சில மணி நேரப் பயணத்தில்தான் இருக்கிறது.

மேக்ரோ என்றால் என்ன? கேமராக்காரர்கள் கணக்கில், ஒரு பொருள் உள்ளது உள்ளபடி அதே அளவில் கேமராவின் சென்சார் மீது விழுந்தால் அது மேக்ரோ. ஒரு சென்டிமீட்டர் மூக்குத்திக் கல், சென்சாரிலும் ஒரு சென்டிமீட்டராக விழ வேண்டும். போனில் இருக்கும் மேக்ரோ அந்தக் கணக்குக்குச் சரியாக வராது. அதன் சென்சாரே சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனாலும் மூன்று, நான்கு சென்டிமீட்டர் கிட்டே போய்த் தெளிவாகப் படம் பிடிக்கிறதே, அது போதும். கண்ணால் பார்க்க முடியாததைப் பார்ப்பதுதானே விஷயம்!

பட்டறை வாசலில்

தம்மம்பட்டியின் அடையாளம் மரச்சிற்பம். கோயில் வாகனங்கள், தேருக்கான சிற்பங்கள், வீட்டு நிலைக்கதவுகள், பூஜை மண்டபங்கள், பிள்ளையார், தசாவதாரம், யாளி, அன்னப்பட்சி என்று இங்கே செய்யாதது இல்லை. கோயில் வாகன வேலைக்காக வந்த குடும்பத்தார் இங்கேயே தங்கி, தொழிலைப் பரப்பினார்கள் என்பது ஊரில் சொல்லும் வரலாறு. பச்சைமலைக்கு அந்தப் பக்கம், பெரம்பலூர் மாவட்டத்தில் இருக்கும் அரும்பாவூரும் இதே தொழிலுக்குப் பேர் போனது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆக, ஒரு மலையின் இரண்டு பக்கமும் உளிச் சத்தம்.

பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் வருவது வாசனை. புதிதாக வெட்டிய மரத்தின் லேசான புளிப்பு, அதன்மேல் வார்னிஷ் நெடி. தரை முழுக்க மரச்சுருள். சுவரில் சார்த்திய பலகையில் பென்சிலால் வரைந்த கொடிக்கருக்கு. ஒருவர் தரையில் உட்கார்ந்து, காலால் மரத்தை அணைத்துக்கொண்டு, கொட்டாப்புளியால் உளியைத் தட்டுகிறார். 'டக் டக்' என்று சீராக வரும் சத்தம், இதழின் ஓரத்துக்கு வந்ததும் குறைகிறது. அங்கே தட்டுவது நின்று, உள்ளங்கையால் உளியைத் தள்ளுவது ஆரம்பிக்கிறது. அரை மில்லிமீட்டர் சிராய் சுருண்டு விழுகிறது.

இந்த இடத்தில்தான் போனைக் கிட்டே கொண்டுபோக வேண்டும். சும்மா நின்று எடுத்தால் அது ஒரு தாமரைச் சிற்பம். விரற்கடை தூரத்தில் எடுத்தால் வேறு கதை. இதழின் மேல் சின்னச் சின்னத் தட்டைகள் தெரியும். ஒவ்வொன்றும் உளி ஒருமுறை போய் வந்த தடம். ஒன்று மாதிரி இன்னொன்று இருக்காது. நடுவில் மரத்தின் நார் குறுக்கே ஓடும் இடத்தில் சிற்பி திசையை மாற்றியிருப்பார். அதுவும் தெரியும். எங்கே தைரியமாக வெட்டினார், எங்கே பயந்து பயந்து சீவினார் என்றுகூடச் சொல்லிவிடலாம்!

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேக்கு விலை அதிகம். அதனால் வாகை போன்ற நாட்டு மரங்களுக்குத்தான் இங்கே வேலை அதிகம். வாகை என்றதும் வெற்றி வாகை நினைவுக்கு வரும். போரில் ஜெயித்த அரசன் சூடிய பூ அது. சித்திரை வாக்கில் வாகை பூக்கும்போது போய்ப் பாருங்கள். இதழ் என்று சொல்ல எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இளம்பச்சையும் வெளிர்மஞ்சளுமாக, பட்டு நூலைக் கத்தரித்துக் கட்டிய குஞ்சம் மாதிரி இருக்கும். அத்தனையும் மகரந்தத் தாள்கள். நுனியில் ஊசி முனையளவு மகரந்தப் பை. மேக்ரோவில் எடுத்தால் ஒவ்வொரு நூலும் தனியாக நிற்கும்.

இதில் ஒரு வேடிக்கை. எந்தச் சிற்பியாலும் வாகைப் பூவை வாகை மரத்தில் செதுக்க முடியாது. அந்த நூல் மரத்தில் நிற்காது, உடைந்துவிடும். ஆகவே அந்த மரம் தன் பூவை விட்டுவிட்டு, தான் ஒருநாளும் பூக்காத தாமரையைத் தாங்கிக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டுக் கதவாகப் போகிறது.

தாத்தா தலைவெட்டியும் ஜெர்மன் வாத்தியாரும்

உளிப் பூவைப் பார்த்த கண்ணோடு வெளியே வந்தால், வேலியோரத்தில் நிஜப் பூக்கள் காத்திருக்கும். விலையுயர்ந்த ரோஜா எல்லாம் தேவையில்லை. மேக்ரோவுக்குக் களைச்செடிதான் ராஜா.

சின்ன வயதில் 'தாத்தா... தாத்தா' என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலால் சுண்டித் தலையைத் தெறிக்க விட்ட செடி ஞாபகம் இருக்கிறதா? வெட்டுக்காயப் பூண்டு. காயத்தில் இலையைக் கசக்கி வைப்பார்களே, அதுதான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் ஊர் வரப்பெல்லாம் பரவிவிட்ட செடி. அதன் பூவைக் கிட்டே பார்த்தால் அது ஒரு பூவே இல்லை, கூட்டுக் குடும்பம்! நடுவில் மஞ்சளாகத் தெரிவது அத்தனையும் தனித்தனிக் குட்டிப் பூ. ஒவ்வொன்றுக்கும் ஐந்து மடல். சுற்றி நிற்கும் வெள்ளை 'இதழ்' ஒவ்வொன்றும்கூட ஒரு பூதான், நுனியில் மூன்று பல். எருக்கம்பூவைப் பாருங்கள். நடுவில் ஐந்து முனையுள்ள கிரீடம், மெழுகில் வார்த்தது போல வழவழவென்று. தும்பைப் பூவில் எறும்பு ஏறினால் யானை ஏறியது மாதிரித் தெரியும்.

மழைக்குப் பிறகு வந்தால், அதிர்ஷ்டம் இருந்தால், வேலியில் செங்காந்தள் கிடைக்கும். நம் மாநிலப் பூ. ஆறு இதழும் நெருப்பு மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும். அடியில் மஞ்சள், நுனியில் சிவப்பு, ஓரமெல்லாம் அலை. எல்லோரும் பூவை எடுப்பார்கள். இலை நுனியையும் எடுங்கள். இலையே நீண்டு சுருண்டு, பக்கத்துக் கொம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: கிழங்கு, விதை உட்பட அந்தச் செடி முழுக்க விஷம். படம் எடுக்கலாம், பறிக்கக் கூடாது.

இந்த இலை நுனிச் சுருளைப் பார்த்துவிட்டு, பட்டறைப் பலகையில் வரைந்திருந்த கொடிக்கருக்கை நினைத்துப் பாருங்கள். இரண்டும் அக்கா தங்கை! இதை ஜெர்மனியில் ஒரு வாத்தியார் ஒரு வாழ்நாள் வேலையாகவே செய்தார். கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட் (1865-1932) என்று பெயர். இளவயதில் இரும்பு வார்ப்பாலையில் தொழில் பழகியவர். பிறகு பெர்லினில் அலங்காரக் கலை படிக்கும் மாணவர்களுக்கு ஆசிரியர். செடிகளை வரைந்து பழக வேண்டிய மாணவர்களுக்கு அவற்றின் நுட்பம் கண்ணில் படவில்லை. அதனால் தன் கையால் செய்துகொண்ட கேமராவில் மொட்டு, தளிர், விதை, பெரணிச் சுருள் எல்லாவற்றையும் 30 மடங்கு வரை பெரிதாக்கிப் படம் எடுத்தார். பல ஆயிரம் படங்கள். 1928-ல் அவை புத்தகமாக வந்தபோது ஊரே வாய் பிளந்தது. தளிர் ஒன்று இரும்புக் கிராதி மாதிரி, தண்டு ஒன்று கோயில் தூண் மாதிரி தெரிந்தது.

அவர் யாருக்காக எடுத்தார் என்பதுதான் கவனிக்க வேண்டியது. கண்காட்சிக்காக எடுக்கவில்லை. உளி பிடிக்கிறவனுக்கும் வார்ப்பு வார்க்கிறவனுக்கும் பூவைக் கிட்டே காட்டுவதற்காக எடுத்தார். தம்மம்பட்டிச் சிற்பிக்கு அந்தப் பாடம் பரம்பரையாகக் கையில் வந்திருக்கிறது. அவர் கையில் இப்போது போனும் வந்திருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு.

சாணைக்கல்லில் ஒளிந்திருக்கும் மாணிக்கம்

பட்டறையில் உளிக்கு அடுத்தபடி முக்கியமானது சாணைக்கல். மழுங்கிய உளியில் பூ வராது. அடிக்கடி எழுந்து போய்த் தீட்டிக்கொண்டு வருவார்கள். அந்தச் சாணைக்கல்லிலும், கடைசியில் தேய்க்கிற உப்புத்தாளிலும் பல வகைகளில் இருப்பது அலுமினியம் ஆக்ஸைடு. அது இயற்கையில் படிகமாகக் கிடைத்தால் அதன் பெயர் குருந்தக்கல். கொஞ்சம் குரோமியம் கலந்து சிவந்து, ஒளி ஊடுருவினால் அதுவே மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் கலந்து நீலமானால் நீலக்கல். வைரத்துக்கு அடுத்த கடினம் இதற்குத்தான். உலகம் முழுக்க இன்று 'கொரண்டம்' என்று சொல்கிறார்களே, அந்தச் சொல்லே 'குருந்தம்' என்ற நம் தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான்!

சொல் மட்டும் இல்லை, கல்லும் இந்தப் பக்கத்துக் கல்தான். நாமக்கல் மாவட்டத்தில் பரமத்திவேலூர் பக்கம் சித்தம்பூண்டி என்று ஒரு கிராமம். இங்குள்ள அனார்த்தோசைட் என்ற வெளிறிய பாறை, நிலாவின் மேட்டு நிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் லேண்டரைச் சோதித்துப் பார்க்க, இதை அரைத்துத்தான் இஸ்ரோ செயற்கை 'நிலா மண்' தயாரித்தது. அதே சித்தம்பூண்டிப் பாறைகளில்தான் குருந்தக்கல் பதிந்திருக்கிறது. பெரும்பாலும் சாம்பல் நிறமும் மங்கிய சிவப்புமாக, ஒளி புகாதவை. நகைக்கு ஆகாது, சாணைக்கு ஆகும். ஆனால் மேக்ரோவில் அந்த மங்கிய சிவப்பின் ஓரம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்கள், 'நகைக்கு ஆகாது' என்ற சொல்லைத் திரும்பச் சொல்ல யோசிப்பார்கள்.

இன்னும் மேற்கே போனால் கரூர், காங்கேயம், சென்னிமலை வட்டாரம். காங்கேயத்துக்குப் பக்கத்துப் படியூரில் பெரில் வகையைச் சேர்ந்த கடல்நீலக் கல் வெட்டியெடுத்தார்கள். நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலில் 1980-களிலிருந்து நடந்த அகழாய்வுகளில், பெரில், படிகம், சூதுபவளம், நீலக்கல் என்று பல கல்லில் மணி செய்த தொழிற்கூடத்தின் மிச்சங்கள் கிடைத்தன. முடிந்த மணியும் கிடைத்தது, பாதியில் விட்டதும் கிடைத்தது. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய பட்டறை! பழங்கால மணியின் துளைக்குள் ரப்பர் மாதிரிப் பொருளை ஊற்றி அச்செடுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் பார்ப்பது தொல்லியலில் ஒரு முறை. துளை போட்டவரின் துரப்பணம் சுழன்ற கோடுகள் அதில் அப்படியே தெரியும். தம்மம்பட்டித் தாமரையின் உளித் தடம் மாதிரியேதான்.

பெரில் பற்றி ஒரு கிளைக்கதை. பழைய நூல்களில் வைடூரியம் என்று வருவது பெரிலைக் குறிக்கும் என்பது அறிஞர்கள் பலர் கருத்து. இன்று நகைக்கடையில் வைடூரியம் என்று கேட்டால் பூனைக்கண் கல்லைத் தருவார்கள். பெயர் இடம் மாறிவிட்டது. அந்த வைடூரியம் பிராகிருதத்தில் 'வேளுரிய' ஆகி, கிரேக்கத்தில் 'பெரில்லோஸ்' ஆகி, ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. அந்தக் காலத்தில் தெளிந்த கல்லைத் தேய்த்துத்தான் படிப்பதற்கு லென்ஸ் செய்தார்கள். அதனால் ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்கே 'ப்ரில்லே' என்று பெயர் வந்துவிட்டது. கல்லைப் பார்க்கிற லென்ஸின் பெயருக்குள்ளேயே ஒரு கல்!

ரோமானிய எழுத்தாளர் பிளினி, பெரில் இந்தியாவிலிருந்து வருவதாக எழுதினார். கூடவே இன்னொன்றும் எழுதினார்: படிகத்துக்குச் சாயமேற்றி போலி பெரில் செய்யவும் இந்தியர்கள் கற்றுக்கொண்டார்களாம். கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனவர் அவர். ஆக, போலிக் கல் வியாபாரத்துக்கும் இரண்டாயிரம் வயது.

குறைதான் சாட்சி

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லுக்குள்ளே பார்த்துத்தான். சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை ரத்தினக் கடைத் தெருவில் நடக்கும்போது, ஒவ்வொரு கல்லுக்கும் என்னென்ன குற்றம் இருக்கக் கூடாது என்று இளங்கோவடிகள் பட்டியல் போடுகிறார். காக்கைக் காலடி மாதிரி வெடிப்பு, புள்ளி, கோடு என்று. அன்று குற்றம் என்றால் விலை குறையும்.

இன்று கதை கொஞ்சம் மாறிவிட்டது. ஸ்விட்சர்லாந்தின் லூசர்ன் நகரில் எட்வர்ட் க்யூபெலின் (1913-2005) என்ற ரத்தினவியலாளர், இந்தக் குற்றங்களையே வாழ்நாள் முழுக்கப் படம் எடுத்தார். கல்லுக்குள் சிக்கிய ஊசி, குமிழ், திரவத் துளி எல்லாவற்றையும் நுண்ணோக்கியில் வைத்துப் பிடித்தார். ஜான் கொய்வுலாவுடன் சேர்ந்து 1986-ல் அவர் வெளியிட்ட படத்தொகுப்பு, ரத்தினவியல் படிக்கிறவர்களுக்கு இன்றும் வேதம். கல் எந்தப் பாறையில் பிறந்தது, நெருப்பில் வாட்டினார்களா, ஆலையில் வளர்த்ததா என்பதை இந்தக் 'குற்றங்கள்'தான் காட்டிக்கொடுக்கின்றன.

மரகதத்துக்குள் இருக்கும் கசிவுகளுக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர், தோட்டம். நீலக்கல்லுக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் ரூட்டைல் ஊசிகளுக்குப் பெயர், பட்டு. கடல்நீலக் கல்லில் நீளமான மெல்லிய குழல்கள் வரிசையாக இறங்கினால் அதற்குப் பெயர், மழை. இதையெல்லாம் பார்த்தபிறகு, எந்தக் குற்றமும் இல்லாத கல்லைப் பார்த்தால் கொஞ்சம் போரடிக்கத்தான் செய்யும். சந்தேகமும் வரும். ஆலை மாணிக்கத்தில் பழைய வகை ஒன்று, 1902-ல் பிரெஞ்சுக்காரர் வெர்னேய் அறிவித்த முறையில் தீச்சுடரில் உருக்கிச் செய்வது. அதற்குள் வளைந்த கோடுகளும் உருண்டைக் குமிழ்களும் இருக்கும். இயற்கை மாணிக்கத்தில் வளர்ச்சிக் கோடு நேராகவே ஓடும். மாணிக்கத்தின் வெடிப்பில் கண்ணாடியை உருக்கி நிரப்பி விற்பதும் உண்டு. கல்லைச் சாய்த்தால் வெடிப்போரம் நீலமாக மின்னிக் காட்டிக்கொடுக்கும்.

ராசிக்கல்லைப் போனில் படம் பார்த்து வாங்குகிறவர்கள் பெருகிவிட்ட காலம் இது. பளபளவென்று, வண்ணத்தை ஏற்றி, கறுப்பு வெல்வெட்டில் வைத்து எடுத்த ஒரே படத்தை நம்பிப் பணம் அனுப்புகிறார்கள். கிட்டே எடுத்த படம் ஒன்று, ஒளி பின்னால் இருந்து வர எடுத்த படம் ஒன்று என்று கேட்டு வாங்குவது நல்லது. அனுப்பத் தயங்கினால் அதுவே பதில். படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் ஆய்வகச் சான்றிதழுக்கு ஈடாகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் மூக்குத்தி, மோதிரம் இருக்கிறதா? நீங்களே எடுத்துப் பார்க்கலாம். பட்டை தீட்டிய கல் ஒரு கண்ணாடி மாதிரி. எதிரில் இருக்கும் ஜன்னல், விளக்கு, உங்கள் மூக்கு எல்லாம் அதில் தெரியும். வெள்ளைத் தயிர் டப்பாவின் அடியை வெட்டி, கல்லின் மேல் கவிழ்த்து, வெளியிலிருந்து வெளிச்சம் கொடுங்கள். போனை மேல் ஓட்டைக்கு நேராகப் பிடியுங்கள். வெளிச்சம் பரவி விழும், கண்ணைக் கூசாது. எல்லாம் வெள்ளையாகத் தட்டையாகத் தெரிந்தால், ஒரு பக்கம் சிறு கறுப்புக் காகிதத் துண்டை வையுங்கள். பட்டைகள் எழுந்து நிற்கும். துடைக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கும். அது நிலாக்கல்லைவிடக் கடினம், கண்ணாடியைவிடவும் கடினம். முதலில் ஊதிவிட்டு, பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். மரத்தூள் பறக்கும் பட்டறையில் போன் லென்ஸுக்கும் இதுதான் விதி.

பூவுக்கு எதிரி காற்று. போனில் தெளிவாக விழும் ஆழமே சில மில்லிமீட்டர்தான். பூ அசைந்தால் போச்சு. ஒரு குச்சியை நட்டு, தண்டைத் துணி கிளிப்பால் பிடித்து வையுங்கள். காலை ஏழரை மணிக்குள் எடுத்தால் காற்றும் குறைவு, பனித்துளியும் இலவசம். சுவேத நதிக் கூழாங்கல்லையும் விடாதீர்கள். காய்ந்து கிடக்கும்போது சாம்பல் உருண்டை. தண்ணீரில் நனைத்தால் பாலிஷ் போட்டது மாதிரி உள்வரிகள் தெரியும். மலைப் பாறைத் துண்டில் கருஞ்சிவப்புப் பொட்டு இருந்தால் அது கார்னெட் ஆக இருக்கலாம். நவரத்தினத்தில் வருகிற கோமேதகத்தின் உறவுக்காரர்!

திரையில் பேசும் விலை

இப்போது மறுபடி பட்டறைக்கு. இங்கே குளோஸ்-அப் பொழுதுபோக்கு இல்லை, பிழைப்பு.

முன்பெல்லாம் கோயில் கமிட்டியோ வீட்டுக்காரரோ நேரில் வந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, விரலால் தடவிப் பார்த்து விலை பேசுவார்கள். இன்று வாட்ஸ்அப்பில் படம் கேட்கிறார்கள். வாங்குகிறவர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். அவருக்குத் தெரிவது ஆறங்குலத் திரை. அந்தத் திரையில், கம்ப்யூட்டரில் வரைந்ததைத் தானே குடைந்து தள்ளும் சி.என்.சி. மெஷின் கதவும், கை உளியால் மாதக்கணக்கில் செதுக்கிய கதவும் ஒன்று போலவே தெரியும். நேராக நிற்க வைத்து, ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் சிற்பிக்கே வித்தியாசம் தெரியாது. 'அண்ணே, அதே டிசைன் பாதி விலைக்குத் தர்றாங்களே' என்று மறுமுனையில் ஒரு குரல் கேட்டால் என்ன பதில் சொல்வது?

மெஷினைத் திட்டிப் பயனில்லை. அளவான காசில் வீடு கட்டுகிறவருக்கு அந்தக் கதவும் வேண்டியிருக்கிறது. மெஷின் வேலையைக் கை வேலை என்று சொல்லி விற்பதுதான் தப்பு. அதைக் காட்டிக்கொடுக்கக் குளோஸ்-அப்பால் முடியும். சுழலும் குடைமுனை ஒரே சீராகப் போய் வருவதால், மெஷின் பரப்பில் சம இடைவெளியில் மெல்லிய வரிகள் ஓடும். உள்மூலைகள் எல்லாம் குடைமுனையின் அளவுக்கு உருண்டிருக்கும். மேலிருந்து மட்டுமே இறங்கும் சாதாரண மெஷினால் இதழுக்கு அடியில் நுழைய முடியாது. கை உளி நுழையும். தம்மம்பட்டித் தாமரையின் இதழைக் கீழிருந்து பாருங்கள். அடிப்பக்கம் குடையப்பட்டு, இதழ் காற்றில் நிற்கும்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். சிற்பி தன் தடத்தைத் தானே அழிக்கிறார். உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்து, வார்னிஷை இரண்டு பூச்சு ஏற்றினால்தான் 'ஃபினிஷிங்' நன்றாக இருப்பதாக வாங்குகிறவர் சொல்கிறார். தேய்க்கத் தேய்க்கக் கை மறைகிறது. எவ்வளவு நேர்த்தியோ அவ்வளவு மெஷின் மாதிரித் தெரிகிறது. நேர்த்திக்குக் கூலி கொடுத்துவிட்டு, அந்த நேர்த்தியைப் பார்த்துச் சந்தேகப்படுவது நியாயமே இல்லை!

இதற்கு வழி, தேய்ப்பதற்கு முன்பே படம் எடுத்து வைப்பது. ஜன்னலோரம் வைத்து, பக்கவாட்டு வெயிலில், ஃப்ளாஷ் இல்லாமல், உளித் தடம் தெரிய ஒன்று. இதழின் அடிப்பக்கம் ஒன்று. மரத்தின் ரேகை இதழுக்கு இதழ் தொடர்ந்து ஓடுவது தெரிய இன்னொன்று. தனித்தனித் துண்டு ஒட்டவில்லை, ஒரே மரம் என்று அந்த மூன்றாவது படம் சொல்லும். இந்தப் படங்களும் சேர்ந்து போனால்தான் விலைப் பேச்சில் சிற்பியின் பக்கம் ஒரு சாட்சி நிற்கும். பட்டறைப் பிள்ளைகளில் போன் கையாளத் தெரியாதவர் யார்? ஒரு தயிர் டப்பாவும் ஜன்னலும் இருந்தால் போதும். வாங்குகிறவரும் அழகான ஒரே படத்தில் மயங்காமல், 'இதழைக் கீழேயிருந்து எடுத்து அனுப்புங்கண்ணே' என்று கேட்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பட்டறையில் படம் எடுக்குமுன் கேட்டுவிட்டு எடுங்கள். புது டிசைனை வெளியே காட்ட விரும்பாதவர்கள் இருப்பார்கள். கோயிலுக்காகச் செய்கிற மூர்த்தத்துக்குக் கடைசியில்தான் கண் திறப்பார்கள். அந்த வேலை நடக்கும்போது கேமராவை உள்ளே வைத்துவிடுவது மரியாதை. பெரிய சிற்பம் வாங்க முடியாவிட்டால் பரவாயில்லை, சின்ன அளவிலும் செய்கிறார்கள்.

வாகைப் பூ வேண்டுமென்றால் சித்திரையில், விடிந்ததும் மரத்தடியில் நிற்க வேண்டும். வெயில் ஏறினால் அந்த நூல்கள் தொங்கிவிடும். அதற்குப் பிறகு சாவகாசமாகப் பட்டறைக்குப் போகலாம். மரத்தாமரை வெயிலுக்கு வாடாது.